தொடுவதற்கு முன் ஒரு தாள்

எங்கள் பக்கத்தில் கபடிப் போட்டிகள் பெரும்பாலும் சனி, ஞாயிறு இரவுகளில் நடக்கும். கோயில் கொடை, பொங்கல், சுதந்திர தினம் என்று ஏதாவது ஒன்றை ஒட்டி ஊருக்கு ஊர் போட்டி வைப்பார்கள். விளக்குக் கட்டி, செம்மண் தரையிலோ வாடகைக்கு எடுத்த மேட் விரிப்பிலோ விடிய விடிய ஆட்டம் நடக்கும். திங்கள்கிழமை காலையில் என் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் அந்தக் களங்களில் விழுந்து எழுந்தவர்கள். கோவில்பட்டியிலிருந்து ஹாக்கிப் பையன்கள் வருவார்கள், பள்ளிக்கூட வாலிபால் பெண்கள் வருவார்கள், ஆனாலும் கூட்டம் கபடிக்காரர்களுடையதுதான். தூத்துக்குடி மாவட்டம் அப்படி. மணத்தி என்கிற சிறிய ஊரிலிருந்து போன கணேசன், 1994இல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் ஆடியவர். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். போலீஸ், ரயில்வே, வங்கி என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைத்தால் குடும்பமே கரையேறும். அதனால் என் முன்னால் உட்காரும் பையனின் தோளிலும் முழங்காலிலும் ஒரு வீட்டின் கணக்கு இருக்கிறது என்பதை நான் மறப்பதில்லை.

நான் இயன்முறை மருத்துவன். ஊரில் ‘பிசியோ சார்’ என்றால்தான் தெரியும். விழுந்து வந்தவரைச் சோதிப்பது என்றால் கை வைத்து அமுக்கிப் பார்ப்பது, மடக்கி நீட்டிப் பார்ப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை அந்த வேலையின் கடினமான பகுதி அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. விசாரித்து முடித்த பிறகு, உடம்பில் கை வைப்பதற்கு முன்னால், ஒரு தாளை எடுத்து எழுதுவேன். இந்த வலிக்கு எந்தெந்த எலும்பு, மூட்டு, தசை, நரம்பு காரணமாக இருக்கலாம்? அவற்றில் எதை இன்றே தீர்மானித்தாக வேண்டும்? எவ்வளவு தூரம் வலியைக் கிளறலாம்? எதை இன்று தொடவே கூடாது? நாலைந்து நிமிட வேலை. வெளியே கூட்டம் நிற்கும்போதும் இதை நான் விட்டதில்லை.

கல்லூரியில் எங்களுக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் ஒருவர் ஏற்றிவிட்ட பழக்கம் இது. தாளை நிரப்பாமல் நோயாளியின் பக்கம் போனால் வகுப்பை விட்டே வெளியே அனுப்பிவிடுவார். இதன் மூலகர்த்தா ஆஸ்திரேலியாவில், அடிலெய்டில் இருந்த ஜெஃப்ரி மெய்ட்லண்ட். 1964இல் முதுகெலும்புக் கைமருத்துவம் பற்றி அவர் வெளியிட்ட நூல் எங்கள் துறையில் பெரிய பெயர் பெற்றது. மூட்டை அசைத்துச் சரிசெய்யும் அவருடைய கை நுட்பங்களைத்தான் பலரும் சொல்வார்கள். விசாரணைக்கும் பரிசோதனைக்கும் நடுவே நின்று யோசிக்கச் சொன்னாரே, அதைத்தான் நான் அவரிடமிருந்து வந்த பெரிய கொடையாக நினைக்கிறேன்.

ஒரு பையனை வைத்துச் சொல்கிறேன். வயது பத்தொன்பது, ரெய்டர். சனிக்கிழமை இரவு ரெய்டு போனவனை எதிரணியின் கார்னர் ஆட்டக்காரர் டேஷ் அடித்து வெளியே தள்ளியிருக்கிறார். மேட்டின் விளிம்பைத் தாண்டிப் போய் விழுந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஊரில் சுளுக்கு எடுப்பவரிடம் போய் எண்ணெய் போட்டு உருவிவிட்டார்கள். திங்கள்கிழமை அம்மாவோடும் அணி மேனேஜரோடும் வந்தான்.

“தோள்பட்டை சார். தூக்க முடியல.”

“எப்படி விழுந்தே?”

“டேஷ் அடிச்சான் சார். விழுந்துட்டேன்.”

இந்தப் பதில் எனக்குப் போதாது. உடம்பின் எந்தப் பாகம் முதலில் தரையைத் தொட்டது, கை நீட்டி இருந்ததா மடங்கி இருந்ததா, உள்ளங்கை எந்தப் பக்கம் பார்த்தது, மேலே யாராவது விழுந்தார்களா, எழுந்து ஆடினானா, உடனே வீங்கியதா மறுநாளா? இவை ஒவ்வொன்றும் என் தாளில் ஒரு வரியைச் சேர்க்கும் அல்லது அடிக்கும். நல்ல கையால் நடித்துக் காட்டச் சொல்வேன். வாயால் சொல்லத் தெரியாததை உடம்பு காட்டிவிடும். இப்போது இன்னொரு வசதியும் உண்டு. ஊர்ப் போட்டிகளைக்கூட யூடியூபில் நேரலையாகப் போடுகிறார்கள். மேனேஜர் தன் போனில் அந்த ரெய்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். வலது கையை ஊன்றித்தான் விழுந்திருக்கிறான். முழங்கை விறைப்பாக நீண்டிருக்கிறது. அதன் பிறகே உடம்பு புரண்டு தோள் முனை தரையில் அடித்திருக்கிறது. தலை படவில்லை.

கையை ஊன்றி விழும்போது அடி உள்ளங்கையில் தொடங்கி மணிக்கட்டு, முன்கை, முழங்கை, தோள், காறை எலும்பு என்று மேலேறிப் போகிறது. வழியில் எது தாங்காதோ அது உடையும் அல்லது விலகும். எது தாங்காது என்பதை வயது பெரிதும் தீர்மானிக்கிறது. ஏழு வயதுக் குழந்தை இப்படி விழுந்தால் முழங்கைக்குச் சற்று மேலேயோ முன்கையிலோ எலும்பு முறியும். அறுபத்தைந்து வயது அம்மா குளியலறையில் இப்படி விழுந்தால் மணிக்கட்டை ஒட்டிய ஆரை எலும்பு உடைந்து கை கோணிக்கொள்ளும். இருபதை ஒட்டிய வாலிபனுக்குத் தோள் மூட்டு விலகலாம், காறை எலும்பு முறியலாம், மணிக்கட்டுக்குள் இருக்கும் சிறிய ஸ்காஃபாய்டு எலும்பில் விரிசல் விழலாம். அவன் வலிக்கிறது என்று காட்டும் இடம் இந்தப் பாதையில் ஒரு புள்ளி. என் தாளில் பாதை முழுவதும் இருந்தாக வேண்டும்.

விசாரணையில் இன்னொன்று கிடைத்தது. “பைக்குல வந்தியா?” என்று கேட்டேன். “அண்ணன் ஓட்டிட்டு வந்தான் சார். எனக்கு ஆக்சிலேட்டர் முறுக்க முடியல.” தோளில் மட்டும் அடி என்றால் ஆக்சிலேட்டர் முறுக்குவதற்கு அவ்வளவு தடை இருக்காது. கதையும் உடம்பும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்று மெய்ட்லண்ட் திரும்பத் திரும்பச் சொல்வார். பொருந்தாத இடத்தை அடிக்கோடிட்டு வைத்தேன்.

அடுத்து, அந்த வலி எவ்வளவு சீக்கிரம் கிளறப்படும், கிளறினால் எவ்வளவு நேரத்தில் அடங்கும் என்று தெரிய வேண்டும். விழுந்தவரைச் சோதிக்கும் திட்டத்தில் இதைவிட முக்கியமான கேள்வி எனக்கு வேறு இல்லை. சட்டை மாட்டும்போது சுருக்கென்று குத்தி, கையைக் கீழே விட்டதும் போய்விடுகிறது என்றால் தாராளமாகச் சோதிக்கலாம். சட்டை மாட்டிய பிறகு ஒரு மணி நேரம் குடைந்துகொண்டே இருக்கிறது, ராத்திரி புரண்டால் தூக்கம் போகிறது என்றால் நான் செய்யப்போகும் சோதனைகளே அவனுக்கு இன்னொரு விழுகை ஆகிவிடும். முதல் இரண்டு அசைவுகளிலேயே வலி கிளம்பிவிட்டால் பிறகு எங்கே தொட்டாலும் ‘ஆமா சார், வலிக்கு’ என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அப்படிப்பட்டவரிடம் நாலு சோதனைக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டேன். எந்த நாலு என்பதை முன்கூட்டியே தேர்ந்துகொள்ளத்தான் தாள்.

கடைசியாக எப்போது வலி மாத்திரை போட்டான் என்றும் கேட்க வேண்டும். பலர் காலையில் ஒரு ஊசி போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். மருந்து மூடி வைத்திருக்கும் வலியைச் சோதித்துவிட்டு ‘பெரிதாக ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிடக் கூடாது.

இன்னொரு தொந்தரவும் உண்டு. அடுத்த வாரம் செமி ஃபைனல் இருந்தால் மேனேஜர் பக்கத்தில் நிற்கும்வரை பையன் வலியை முழுதாகச் சொல்லமாட்டான். மேனேஜர்கள் கெட்டவர்கள் இல்லை. பல பேர் சொந்தக் காசைப் போட்டு அணி நடத்துகிறவர்கள். ஆனாலும் “அண்ணே, ஒரு டீ குடிச்சிட்டு வாங்க” என்று அனுப்பிவிடுவேன். அவர் வெளியே போனதும் இந்தப் பையன் சொன்னான்: “ராத்திரி பூரா கட்டை விரல் பக்கம் விண்ணு விண்ணுனு தெறிக்கி சார். கை போச்சுன்னு சொல்லிட்டா டீம்ல இருந்து தூக்கிருவாங்க.”

அவனுக்கு நான் எழுதிய வரிசை இது. முதலில் கழுத்து, நரம்பு, ரத்த ஓட்டம். பிறகு பார்வை. பிறகு முழங்கை. பிறகு தோளின் அசைவுகள். கடைசியில் மணிக்கட்டு. மணிக்கட்டில்தான் பெரிய சந்தேகம் என்றால் அதை ஏன் கடைசியில் வைத்தேன் என்று எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள். அதிகம் வலிக்கும் இடத்தைத் தொட்டுவிட்டால் நோயாளி இறுகிவிடுவார். அதன் பிறகு மற்ற இடங்கள் உண்மை பேசாது. மறந்துவிடாமல் இருக்க மணிக்கட்டைத் தாளின் மேலேயே பெரிதாக எழுதி, அதற்கு நேரமும் ஒதுக்கி வைத்திருப்பேன்.

சட்டையைக் கழற்றுவதிலேயே சோதனை தொடங்கிவிடுகிறது. நல்ல கையை முதலில் உருவ வேண்டும், அடிபட்ட கையைக் கடைசியில். மாட்டும்போது நேர்மாறாக, அடிபட்ட கை முதலில். இதைச் சொல்லிக்கொடுத்தாலே பாதிப் பேருக்கு நிம்மதி. கழற்றியதும் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பார்ப்பேன். தோளின் உருண்டை வடிவம் தட்டையாகிவிட்டதா, காறை எலும்பின் நுனி படிக்கட்டு போல மேலே தூக்கி நிற்கிறதா? அவனுக்கு லேசான தூக்கல் இருந்தது. கழுத்தை அவனாகவே திருப்பினான், வலி இல்லை. தோளின் வெளிப்பக்கம், ராணுவத்தில் பட்டைச் சின்னம் தைக்கிற இடத்தில், விரலால் வருடி இரண்டு பக்கமும் ஒன்றுபோல உணர்கிறதா என்று கேட்டேன். தோள் விலகும்போது அடிபடுகிற நரம்பு தோலுக்கு உணர்வு தரும் இடம் அது. மணிக்கட்டில் நாடி பார்த்தேன். இவை எல்லாம் சரியாக இருந்தன.

அசைவுகளில் நல்ல பக்கம்தான் எப்போதும் முதலில். அவனுடைய இயல்பு என்ன என்பது எனக்கும், என்ன செய்யப்போகிறேன் என்பது அவனுக்கும் அப்போதுதான் தெரியும். பிறகு அடிபட்ட கையை அவனாகவே தூக்குவது, அதன் பிறகு நான் தாங்கித் தூக்குவது, கடைசியில் அசையாமல் பிடித்துக்கொண்டு அவனைத் தள்ளச் சொல்வது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் இருந்த ஜேம்ஸ் சிரியாக்ஸ். தானாகத் தூக்குவதில் எல்லாம் கலந்திருக்கும். நான் தூக்கும்போது தசை ஓய்வில் இருப்பதால் மூட்டும் ஜவ்வும் பேசும். தள்ளும்போது மூட்டு அசைவதில்லை, தசையும் அதன் நாணும் பேசும். அவனுக்கு நான் தாங்கிக் கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோனபோதுதான் தோள் உச்சியில் வலி வந்தது. தள்ளும்போது பலமாகத் தள்ளினான். காறை எலும்பு தோள்பட்டை எலும்போடு சேரும் இடத்து ஜவ்வு இழுபட்டிருக்கிறது, பெரிய கிழிசல் இல்லை என்ற முடிவுக்கு வந்தேன்.

மணிக்கட்டு. கட்டை விரலை விரித்து நிமிர்த்தினால் அதன் அடியில், புறங்கைப் பக்கமாக, இரண்டு நாண்களுக்கு நடுவே ஒரு சிறு பள்ளம் தெரியும். அதன் தரையில்தான் ஸ்காஃபாய்டு இருக்கிறது. நல்ல கையில் அந்தப் பள்ளத்தை அழுத்தினேன். எல்லோருக்குமே அங்கே கொஞ்சம் கூசும், அதனால் ஒப்பிட்டுப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. வலது கையில் அழுத்தியதும் பையன் நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டான். உள்ளங்கைப் பக்கத்து மேட்டிலும் வலி. கட்டை விரலை அதன் நீளவாக்கில் மெல்ல உள்ளே அழுத்தினாலும் வலி. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அன்றே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. ஸ்காஃபாய்டு முறிவு முதல் நாட்களின் எக்ஸ்ரேயில் ஒளிந்துகொள்வது சாதாரணம் என்று அவருக்கு விளக்கினேன். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்து நுழைந்து பின்னோக்கிப் போகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டு ரத்தமில்லாமல் பட்டுப்போகலாம். கவனிக்காமல் விட்டால் எலும்பு சேராது, சில வருடங்களில் மணிக்கட்டே தேய்ந்துபோகும். ஆகவே சந்தேகத்தை முறிவாகவே எடுத்துக்கொண்டு எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் கட்டை விரலோடு சேர்த்து மாவுக்கட்டுப் போட்டார். எம்ஆர்ஐ எடுத்தால் உடனே தெரிந்துவிடும். அதற்குக் காசு இல்லாதபோது பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுப்பதுதான் வழி. இரண்டாவது படத்தில் எலும்பின் இடுப்பில் மெல்லிய கோடு தெரிந்தது. நல்ல வேளையாக எலும்பு நகரவில்லை. மூன்று மாதம் ஆடாமல் இருந்தான், கோபத்தோடுதான். கட்டுப் பிரித்தபின் எலும்பு சேர்ந்திருந்தது. இப்போது ஆடுகிறான்.

களத்தில் நிற்கும்போது தாள் எடுக்க நேரமில்லை. திட்டம் மனதில் தயாராக இருக்க வேண்டும். ஒரு ரெய்டரை நாலு பேர் சங்கிலி போட்டு மடக்கித் தூக்கும்போது சில சமயம் தலை கீழாக வருகிறது. அப்படி விழுந்து ஒருவன் கிடந்தால் கூட்டம் ஓடி வரும். “தூக்குங்கப்பா, தண்ணி அடிங்கப்பா” என்று ஆளுக்கு ஒரு கை பிடிப்பார்கள். என் முதல் வேலை யாரையும் தொடவிடாமல் இருப்பது. தலைமாட்டில் முட்டி போட்டு இரண்டு கைகளாலும் தலையை அப்படியே தாங்கிக்கொண்டு பேச்சுக் கொடுப்பேன். மூச்சு, நினைவு, அதன் பிறகு கழுத்து. கை கால் மரக்கிறதா? கழுத்தின் நடு எலும்பில் வலியா?

கழுத்துக்குப் படம் எடுக்க வேண்டுமா என்று முடிவு செய்யக் கனடாவில் உருவாக்கி 2001இல் வெளியிட்ட ஒரு விதி இருக்கிறது. நினைவோடும் நிலையாகவும் இருப்பவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். தலை நேராகத் தரையில் குத்தியிருந்தாலோ, ஒரு மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து விழுந்திருந்தாலோ, கை கால் மரத்திருந்தாலோ, வயது அறுபத்தைந்தோ அதற்கு மேலோ இருந்தாலோ படம் எடுத்தே ஆக வேண்டும். இவற்றில் எதுவும் இல்லை, ஆபத்துக் குறைவு என்பதற்கான அடையாளங்களும் இருக்கின்றன என்றால்தான் கழுத்தை இரண்டு பக்கமும் 45 டிகிரி திருப்பச் சொல்லலாம். அதையும் அவர்தான் திருப்ப வேண்டும், நான் திருப்பக் கூடாது. தலை குத்தி விழுந்த கபடிப் பையனிடம் நான் கழுத்துச் சோதனை எதையும் தொடங்குவதில்லை. தலையைப் பிடித்தபடியே 108 ஆம்புலன்ஸ் வரும்வரை இருப்பேன். ஆட்டம் நின்றுபோய்ப் போட்டிக் கமிட்டியார் நச்சரிப்பார்கள். நிற்கட்டும்.

எழுந்து நடக்கிறவனிடமும் தலையில் அடி பட்டிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் சில கேள்விகள் கேட்பேன். “இது எந்த ஊரு கிரவுண்டு? இப்ப முதல் பாதியா ரெண்டாவது பாதியா? கடைசிப் பாயின்ட் யாரு எடுத்தா? போன மேட்ச் யார்கூட, ஜெயிச்சோமா?” ஆஸ்திரேலியாவில் மேடாக்ஸ் என்பவர் அந்நாட்டு விதிக் கால்பந்து ஆடுபவர்களுக்காக வகுத்த கேள்விகளைக் கபடிக்கு மாற்றி வைத்திருக்கிறேன். தன் பெயரையும் பிறந்த தேதியையும் கலங்கிய மூளைகூடச் சொல்லிவிடும். பத்து நிமிடத்துக்கு முன் நடந்ததைச் சொல்வதில்தான் தடுமாறும். தடுமாறினால் அன்று அவனுக்கு ஆட்டம் இல்லை. எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டாலும், தலைவலி, குமட்டல், கண் மங்கல், நடையில் தள்ளாட்டம் என்று ஒன்று இருந்தாலும் போதும், உட்கார வைத்துவிடுவேன்.

கரண்டைக்கால் மடங்கி வருகிறவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அதற்கு நல்ல விதி ஒன்று இருப்பதால் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒட்டாவாவில் ஸ்டீல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1992இல் வெளியிட்டார்கள். கணுக்காலைச் சுற்றி வலி இருந்து, இரு பக்க மொழிகளின் பின் விளிம்பில் கடைசி 6 செ.மீ. தூரத்தில் எங்காவது எலும்பை அழுத்தினால் வலித்தாலோ, அடிபட்ட உடனேயும் இப்போதும் நாலடி நடக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே. இரண்டும் இல்லையென்றால் கணுக்காலுக்குப் படம் தேவையில்லை. பாதத்தின் நடுப்பகுதி வலித்தால் உள்பக்க நாவிக்யுலர் எலும்பையும் சுண்டு விரல் வரிசை எலும்பின் அடியையும் அழுத்திப் பார்க்க வேண்டும். பஸ் ஏறி வரும் ஒரு குடும்பத்துக்கு எக்ஸ்ரே செலவு மிச்சமாவது சிறிய விஷயம் இல்லை. பெரியவர்களுக்கென்று உருவான விதி இது. பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் நான் இன்னும் எச்சரிக்கையாக இருப்பேன். அந்த வயதில் எலும்பின் வளர்ச்சித் தட்டு ஜவ்வைவிடப் பலம் குறைந்தது. பெரியவர்களுக்கு ஜவ்வு இழுபடும் விழுகையில் பிள்ளைகளுக்குத் தட்டு விலகும்.

முறிவு இல்லை என்று தெரிந்த பிறகு எந்த ஜவ்வு, எவ்வளவு கிழிந்திருக்கிறது என்பதை நான் முதல் நாளில் தேடுவதில்லை. வீக்கமும் வலியும் எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஆம்ஸ்டர்டாமில் வான் டைக் குழுவினர் 1996இல் காட்டியது இதைத்தான்: நாலைந்து நாள் கழித்து மறுபடி சோதித்தால் கிழிசல் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே என் தாளின் அடியில் ‘ஐந்தாம் நாள்’ என்று ஒரு பகுதி எப்போதும் உண்டு. இன்று செய்யாமல் விட்டதை எல்லாம் அதில் எழுதி வைப்பேன்.

முழங்காலில் இதற்கு எதிரான நிலைமை. குதித்து இறங்கும்போதோ சட்டென்று திரும்பும்போதோ ‘டப்’பென்று சத்தம் கேட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி வீங்கிவிட்டது என்றால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. முன் சிலுவை ஜவ்வு போயிருக்க வாய்ப்பு அதிகம். களத்திலேயே, வீங்குவதற்கு முன், சோதிக்க முடிந்தால் அதைப்போல வராது. கிளினிக்குக்கு மூன்றாம் நாள் வருகிறபோது தொடையின் பின் தசை இறுகிப்போய் முட்டியைக் காவல் காக்கும்.

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு வாலிபால் பெண் அப்படித்தான் வந்தாள். முட்டியை 90 டிகிரி மடக்கி இழுத்துப் பார்க்கும் பழைய சோதனையைத் திட்டத்திலேயே சேர்க்கவில்லை. அவளால் அவ்வளவு மடக்கவே முடியாது. லாக்மன் சோதனை ஒன்றைத்தான் எழுதினேன். பிலடெல்பியாவில் இருந்த ஜான் லாக்மனின் பெயரில் 1976இல் டோர்க் என்பவர் எழுதி வெளியிட்டது. 20 முதல் 30 டிகிரி மடங்கினால் போதும். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, தசை தளரும்வரை படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்து, தளர்ந்த நொடியில் ஒரே ஒரு முறை முன்னோக்கி இழுக்க வேண்டும். நல்ல காலில் ‘டக்’ என்று நிற்கும் இழுவை, அடிபட்ட காலில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொரு முறை இழுத்து உறுதிசெய்ய எனக்குத் தோன்றவில்லை. எம்ஆர்ஐக்கு எழுதிக் கொடுத்தேன், ஜவ்வு முழுதாகப் போயிருந்தது.

பெண் பிள்ளைகளைச் சோதிக்கும் திட்டம் போனிலேயே தொடங்கிவிடும். முழங்கால் என்றால் தளர்ந்த அரைக்கால் டிரவுசர் ஒன்று எடுத்து வரச் சொல்வோம். தோள் என்றால் கையில்லாத உள்சட்டை. அம்மாவோ அக்காவோ உடன் வரட்டும் என்போம். என் கிளினிக்கில் பெண் உதவியாளர் இல்லாத நேரத்தில் அவர்களுக்கு முறை கொடுப்பதில்லை. எங்கே, எதற்காகத் தொடப்போகிறேன் என்று ஒவ்வொரு முறையும் சொல்லி, சரி என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே தொடுவேன். கூச்சத்தில் இறுகிய தசைக்கும் வலியில் இறுகிய தசைக்கும் என் கைக்கு வித்தியாசம் தெரியாது. அவள் பயமில்லாமல் படுத்திருந்தால்தான் என் சோதனைக்கே அர்த்தம் உண்டு.

கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புத்தூர்க் கட்டு, ஊர் வைத்தியர் கட்டு, வீட்டில் துணி சுற்றிய கட்டு என்று பல வகையில் வருவார்கள். வைத்தியர்களில் நல்ல கை உள்ளவர்களை எனக்குத் தெரியும். கன்னியாகுமரிப் பக்கம் வர்ம ஆசான்கள் சிலர், எலும்பு என்று சந்தேகம் வந்தால் முதலில் எக்ஸ்ரே எடுத்து வரச் சொல்கிறார்கள். யார் போட்ட கட்டாக இருந்தாலும், மாவுக்கட்டாகவே இருந்தாலும், நான் முதலில் பார்ப்பது கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களை. நிறம், சூடு, உணர்வு. பிறகு அவற்றை மெல்ல நிமிர்த்துவேன். நான் நிமிர்த்தும்போது முன்கைக்குள் உயிர் போகிற வலி வந்தால், மாத்திரைக்கும் அடங்காத வலி கூடிக்கொண்டே போனால், தசைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடுகிறது என்று அர்த்தம். நாடி துடிக்கிறதே என்று ஆறுதல் கொள்ளக் கூடாது, நாடி கடைசியில்தான் போகும். ரத்தம் போகாத தசை சுமார் ஆறு மணி நேரத்துக்குள் மீளமுடியாத சேதத்தை அடையத் தொடங்கும். ஜெர்மனியின் ரிச்சர்ட் ஃபோல்க்மன் இறுகிய கட்டுகளால் கைகள் மடங்கிச் சூம்பிப்போவதைப் பற்றி 1881இலேயே எழுதிவிட்டார். இன்றும் அப்படி ஒரு கையைப் பார்க்க நேர்ந்தால் நெஞ்சு கொதிக்கிறது. இந்த அறிகுறி தெரிந்த கணத்தில் என் தாளில் மற்ற எல்லா வரிகளும் அடிபட்டுப்போகும். கட்டை முழுவதும் தளர்த்து, கையை நெஞ்சு மட்டத்தில் வை, வண்டியைக் கூப்பிடு.

இப்போது என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கும் தாளைக் கொடுத்துவிட்டுத்தான் நோயாளியைக் கொடுக்கிறேன். எதைச் சோதிக்கப்போகிறாய் என்று கேட்டால் பாடப் புத்தகத்தில் உள்ள இருபது சோதனைகளையும் வரிசையாக எழுதிக்கொண்டு வருவார்கள். “இந்த அம்மாவுக்குச் சட்டை கழற்றவே கண் கலங்குது. இருபதுல எதை விடப்போறே?” என்று திருப்பிக் கொடுப்பேன். இரண்டு மூன்று முறை போய் வந்த பிறகு ஆறு வரியோடு வருவார்கள். அப்போது உள்ளே அனுப்புவேன்.

தாளின் பின்பக்கம் நோயாளிக்கு. இரவில் வாந்தி வந்தால், எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டால், தலைவலி ஏறிக்கொண்டே போனால், விரல் நீலமானால், கட்டுக்குள் வலி தாங்க முடியாமல் போனால், கை கால் மரத்தால், சிறுநீர் போவது தெரியாமல் போனால், காலைவரை எனக்காகக் காத்திருக்க வேண்டாம், நேரே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள் என்று பெரிய எழுத்தில் எழுதியிருப்போம். அம்மாவுக்குப் படிக்க வராது என்றால் உடன் வந்தவரை உரக்கப் படிக்கச் சொல்லி, அம்மாவைத் திரும்பச் சொல்லவைத்துக் கேட்ட பிறகே அடுத்தவரைக் கூப்பிடுவேன்.